பெயரில் மட்டும் இருப்பவள்

காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. பாரதியார் சாலை வீடுகளின் மாடிகளிலிருந்து மாம்பழங்கள் வந்து விழும். பிள்ளை வரம் வேண்டி முந்தானையில் பிடிக்கிற பெண்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. புனிதவதி காரைக்கால் அம்மையார் ஆன கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகள், சிவனடியாருக்கு இட்ட ஒன்று, இறையருளால் வந்த இன்னொன்று, பயந்துபோய் அவளைவிட்டுக் கப்பலேறிய பரமதத்தன். அதற்கு அடுத்த பகுதியைத்தான் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்த பரமதத்தன், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். உறவினர்கள் அவளைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோனபோது, மனைவி மகளோடு வந்து காலில் விழுந்து, உன் பெயரைத்தான் இவளுக்கு இட்டிருக்கிறேன் என்று சொன்னான். சேக்கிழார் இதைப் பக்தியாகச் சொல்கிறார். எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. அவளோடு வாழ முடியாது. அவள் பெயர் மட்டும் வேண்டும்.

ஒரு கணினி இயங்குதளத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்தக் கதை வந்து நின்றதற்குக் காரணம் இருக்கிறது. 1993 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவில் இயன் மர்டாக் என்ற மாணவர் ஒரு புதிய இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். அதற்கு டெபியன் என்று பெயர். அப்போது தன் காதலியாக இருந்த டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அவர் கட்டிய சொல் அது. பிறகு அவர்கள் மணந்தார்கள், பிரிந்தார்கள். பெயர் பிரியவில்லை. இன்று உலகெங்கும் வழங்கிக் கணினிகளில் ஓடுவதும், உபுண்டு முதலான பல இயங்குதளங்களுக்கு அடித்தளமாக இருப்பதும் டெபியன்தான். அதன் வரலாற்றைச் சொல்லும்போது டெப்ராவைப் பற்றி வருவது பெரும்பாலும் இந்த ஒரு வரி மட்டுமே.

இயங்குதளம் என்பது, கணினியைத் திறந்ததும் நமக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நிற்கிற அடிப்படை மென்பொருள். கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். இதை இலவசம் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதி விட்டுப்போகும். வாங்கிப் பயன்படுத்துகிற பொருளாக இல்லாமல், பலர் கூடி நடத்துகிற பொதுக் காரியமாக அது இருப்பதுதான் முக்கியம். ஆகவே நாம் யார், யாருக்காகச் செய்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று அது சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வாக்குமூலங்களை நாம் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல வாசிக்கலாம். அதில் 'பயனர்' என்று வருகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், 'நாம்' என்று வருகிற இடத்தில் யார் இல்லை என்று கேட்கலாம். டெபியன், அதிலிருந்து இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டையும் இங்கே அப்படி வாசிக்கப் பார்க்கிறேன்.

*

டெபியன் 1997இல் ஒரு சமூக ஒப்பந்தத்தை ஏற்றது. எங்கள் முன்னுரிமை பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே, எங்கள் குறைகளை மறைக்க மாட்டோம் என்பவை அதன் சாரம். அதோடு சேர்ந்த வழிகாட்டு நெறிகள், ஒரு மென்பொருளின் உரிமம் எந்த மனிதருக்கும் எந்தக் குழுவுக்கும் எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. 1998இல் ஓர் அரசியல் சட்டமே எழுதிக்கொண்டார்கள். ஆண்டுக்கொரு தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். போட்டியிடுபவர்களில் யாரும் வேண்டாம் என்று சொல்லவும் வாக்குச்சீட்டில் இடம் உண்டு.

படிக்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் பாகுபாடு கூடாது என்ற அந்த விதி உரிமத்தைப் பற்றியது. கதவில் பூட்டு இல்லை என்று அது சொல்கிறது. உள்ளே உட்கார இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லவில்லை. கோயில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதற்கும் கருவறை எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதற்கும் உள்ள வேறுபாடு நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2002இல் கட்டற்ற மென்பொருள் உருவாக்குநர்களிடையே நடந்த பெரிய ஆய்வொன்றில் பெண்கள் ஏறக்குறைய 1 விழுக்காடு. 15 ஆண்டுகள் கழித்து 2017இல் கிட்ஹப் நடத்திய ஆய்வில் 3 விழுக்காடு. அதே காலத்தில் சம்பளத்துக்கு மென்பொருள் எழுதும் நிறுவனங்களில் பெண்கள் இதைவிடப் பல மடங்கு இருந்தார்கள். சம்பளமும் வேலைநேரமும் இருக்கிற இடத்துக்குப் பெண் வந்திருக்கிறாள். ஓய்வுநேரத்தில், விருப்பத்தின் பேரில், கூலியில்லாமல் செய்ய வேண்டிய இடத்தில்தான் அவளைக் காணோம். ஓய்வுநேரம் யாருக்கு இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு இந்த எண்களைப் புரிந்துகொள்ள முடியாது.

பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை என்பார்கள். 2006இல் நடந்த ஒன்று அதற்குப் பதிலாக இருக்கிறது. கூகிள் கோடைகாலத் திட்டத்தின் கீழ் குனோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு 181 மாணவர்கள் விண்ணப்பித்தார்கள். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. அதே மாதிரியான வேலையைப் பெண்களுக்கென்று தனியாக அறிவித்தபோது 100 பெண்கள் விண்ணப்பித்தார்கள். அந்த 100 பேரும் ஒரே வாரத்தில் கணினி கற்றுக்கொண்டவர்கள் இல்லை. முன்பும் இருந்தவர்கள்தான். 'எல்லாரும் வரலாம்' என்ற அறிவிப்பில் தங்களையும் சேர்த்து அழைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

டெபியனுக்குள் 2004இல் டெபியன் பெண்கள் என்ற குழு உருவானது. 2012இல் பன்மைத்துவ அறிக்கையும் 2014இல் நடத்தை நெறிகளும் வந்தன. ஆனால் என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 2010இல் நடந்த ஒரு வாக்கெடுப்பு. அதுவரை திட்டத்தில் முழு உறுப்பினர் ஆகி வாக்குரிமை பெறுகிற வழி, மென்பொருள் பொதிகளைக் கட்டிப் பராமரிக்கிறவர்களை மனத்தில் வைத்தே அமைந்திருந்தது. மொழிபெயர்ப்பவர், கையேடு எழுதுபவர், புதியவர்களின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர், வடிவமைப்பவர் எல்லாம் உதவியாளர்கள். 2010இல்தான் பொதி கட்டாத பங்களிப்பாளர்களையும் முழு உறுப்பினர்களாக வரவேற்பது என்று முடிவெடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டு அடுப்படிதான் நினைவுக்கு வந்தது. உழுதவன் விவசாயி, நாற்று நட்டு, களை பறித்து, நெல்லைப் புடைத்துச் சோறாக்கியவள் விவசாயியின் மனைவி. எது வேலை என்று வரையறுக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்களிடமே யார் உறுப்பினர் என்று வரையறுக்கிற அதிகாரமும் இருக்கும். ஒரு திட்டம் தன் அடையாளத்தைத் தேடுவதாகச் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது எதை வேலை என்று அது எண்ணுகிறது என்பதைத்தான்.

உறுப்பினர் ஆவது ஒன்று; தலைமை இன்னொன்று. கேரளத்தைச் சேர்ந்த சுருதி சந்திரன், நூலகத் துறையிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு வந்தவர். டெபியன் தலைவர் தேர்தலில் 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் நின்றார். பாலினப் பன்மை பற்றிய பேச்சைத் திட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவருவதே தான் நிற்பதன் முக்கியக் காரணம் என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த மூன்று தேர்தல்களிலும் அவர் வெல்லவில்லை. இடையில், 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்த, இந்தியாவின் முதல் உலக டெபியன் மாநாட்டின் ஏற்பாட்டாளர்களில் ஒருவராகவும் இருந்தார். 1993 முதல் 2024 தேர்தல் வரை ஒரு பெண்கூடத் தலைவராகவில்லை. பெண்ணின் பெயரைத் தன் பெயரில் முதலில் வைத்திருக்கிற திட்டம் இது.

*

இனி நம் பக்கம் வருவோம். காவிரியின் கடைமடைக்காரர்களுக்கு ஒன்று தெரியும்: தலைமடையில் எடுக்கிற முடிவுதான் கடைமடையின் விதி. 2018 உச்சநீதிமன்றத் தீர்ப்பில் புதுச்சேரிக்கென்று இருக்கிற 7 டி.எம்.சி., காரைக்கால் வயல்களுக்கானது. அது வருமா, எப்போது வரும் என்பது இங்கே முடிவாவதில்லை. கட்டற்ற மென்பொருளிலும் தலைமடை, கடைமடை உண்டு. டெபியன் தலைமடை. அதை எடுத்து, மாற்றி, வேறு பெயரில் தருபவை கடைமடை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007இல் முதல் பதிப்பை வெளியிட்ட பாஸ் லினக்ஸ் அப்படிப்பட்டது.

பாரத் இயங்குதளத் தீர்வுகள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் பாஸ். இந்திய மொழிகளில் முகப்பு, இந்திய மொழிகளில் தட்டச்சு, அந்நிய நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் இல்லாத அரசு அலுவலகம், பள்ளிக்கென்று எடுபாஸ் என்ற தனிப்பதிப்பு என்பவையே அது தனக்குச் சொல்லிக்கொண்ட அடையாளம். இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. விண்டோசின் முகப்பு ஆங்கிலமாகவே பழகிப்போன காலத்தில், தமிழில் ஒரு கணினியைத் திறக்க முடியும் என்று ஓர் அரசு நிறுவனம் காட்டியது சிறிய காரியம் இல்லை.

ஆனாலும் பெயரைக் கவனியுங்கள். நம் தெருவில் பாஸ் என்று யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்? டீக்கடையில், பேருந்தில், கைப்பேசிக் கடையில், ஓர் ஆண் இன்னோர் ஆணைக் கூப்பிடுகிற சொல் அது. கடைக்குள் நான் நுழைந்தால் எனக்கு மேடம், அக்கா, அம்மா. என் பின்னால் வருகிறவருக்கு 'சொல்லுங்க பாஸ்'. அலுவலகத்திலோ அது மேலதிகாரி. தற்செயலாக அமைந்த சுருக்கம் என்பார்கள். தற்செயலாகக்கூட யாருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் என் கவலை. பதிப்புகளுக்கு இட்ட பெயர்களும் அனோக்கா, அனூப், உன்னதி, ஊர்ஜா, பிரக்யா என்று போகின்றன. சென்னையில் உருவான இயங்குதளத்தின் பதிப்புப் பெயர்களைத் தமிழ்ப் பெண் ஒருத்தி அகராதி பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 'பாரத்' என்ற அடையாளத்துக்குள் எந்த மொழி தலைமடை, எது கடைமடை என்பது இங்கே தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது.

பெயரைவிட ஆழமான வேறுபாடு இன்னொன்று. டெபியனை எடுத்துக்கொண்ட பாஸ், நிரலை எடுத்துக்கொண்டது. அரசியல் சட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. டெபியனில் ஒரு பெண் தோற்றாள் என்று நான் எழுத முடிகிறது. ஏனென்றால் அங்கே தேர்தல் இருக்கிறது, வாக்கு எண்ணிக்கை ஊரறிய இருக்கிறது, அவள் சொன்னது பதிவாகியிருக்கிறது. பாசில் தோற்கக்கூட இடம் இல்லை. அதன் திசையை ஓர் அரசு நிறுவனம் முடிவுசெய்கிறது. பயனர் என்பவர் பெற்றுக்கொள்பவர். மக்கள் பணத்தில், மக்களுக்காக, மக்களைக் கேட்காமல் என்பது நமக்குப் புதிதல்ல. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு அது நன்றாகவே தெரியும்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்ந்தே மாணவர்களின் கைக்குப் போனது. பல இலட்சம் பெண்பிள்ளைகளின் வீட்டுக்கு வந்த முதல் கணினி அது. வரலாற்றில் இவ்வளவு தமிழ்ப் பெண்களின் கையில் ஒரு கட்டற்ற இயங்குதளம் சேர்ந்தது வேறெப்போதும் இல்லை. ஆனால் கணினியைத் திறக்கும்போது வருகிற இரண்டு தேர்வுகளில் அது இரண்டாவதாக, என்னவென்று தெரியாத ஒன்றாக இருந்தது. அதை அழித்துவிட்டு இடத்தைப் படங்களுக்கு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயன் இல்லை. பொருளைக் கொடுத்தவர்கள் உறவைக் கொடுக்கவில்லை. இதில் உள்ள ஒரு தவறான தமிழ்ச் சொல்லை நீ திருத்தலாம், அந்தத் திருத்தம் உன் பெயரோடு உலகம் முழுக்கப் போகும் என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால்? கடைமடையின் தண்ணீர் மேலே ஏறாது. கடைமடையின் திருத்தம் மேலே ஏறும். கட்டற்ற மென்பொருளின் அதிசயமே அதுதான். அதைத்தான் நாம் சொல்லாமல் விட்டோம்.

*

அந்த மடிக்கணினித் திட்டமும் காரைக்கால் எல்லையில் நின்றுவிடும். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களுக்கு நடுவே இருந்தாலும் நாங்கள் புதுச்சேரி. 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் போனது. சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. டெபியனின் பிறந்தநாளும் அதே தேதி என்பது தற்செயல். தமிழ்நாட்டின் பாடநூல்தான் நெடுங்காலம் எங்கள் பாடநூல், ஆனால் தமிழ்நாட்டின் திட்டங்கள் எங்களுடையவை அல்ல. இதே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹே, கேரளத்துக்கு நடுவே இருக்கிறது. அங்கே பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டம் படித்தவர்கள். கேரளம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிவிட்டது. பள்ளிகளுக்கென்று தன் இயங்குதளத்தைத் தானே தொகுத்தது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களைத் தொடங்கியது. ஒரே ஆட்சிக்குக் கீழே இரண்டு கடற்கரைகள். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான கணினி. எது அமையும் என்பதை முடிவுசெய்தது அவர்களுடைய திறமை அல்ல, அவர்களைச் சுற்றியிருக்கிற மாநிலம்.

கேரளத்தில் வேலைசெய்தது இயங்குதளம் மட்டும் இல்லை. வகுப்பறையில் நின்று அதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். தமிழ்நாட்டில் பொருள் போனது, ஆள் போகவில்லை.

எங்கள் பகுதியில் கணினியோடு நாள் முழுக்க வாழ்கிற பெண்களைப் பார்க்க வேண்டுமானால் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போக வேண்டும். மனு தட்டச்சு செய்பவர், கல்யாணப் பத்திரிகை அடிப்பவர், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புபவர் பலர் பெண்கள். சம்பளம் குறைவு, வேகம் அசாத்தியம். பாமினி, வானவில் அவ்வையார் என்ற பழைய எழுத்துருக்களில் அவர்கள் விரல் பழகியிருக்கிறது. இங்கும் ஓர் எழுத்துருவுக்குப் பெண்ணின் பெயர். தமிழ்க் கணிமை குறித்த மாநாடுகளில் விசைப்பலகை எது, குறியேற்றம் எது என்று ஆண்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். ஒரு நாளைக்குப் பல்லாயிரம் தமிழ் எழுத்துகளை அடிக்கிற இந்தப் பெண்ணை யாரும் நிபுணர் என்று மேடையில் ஏற்றியதை நான் பார்த்ததில்லை. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாறுவது அவள் விரலுக்கு எத்தனை நாள் கூலி இழப்பு என்று கேட்காமல் வடிவமைக்கிற இயங்குதளம், தமிழுக்கானது என்று சொல்லிக்கொள்ளலாம். தமிழ் அடிக்கிறவளுக்கானது ஆகாது.

இதற்கு மாறான ஒரு பாதையும் நம்மிடமே இருக்கிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழின் வழியாகத் து. நித்யா எளிய தமிழில் எழுதிய லினக்ஸ், மைஎஸ்கியூஎல் நூல்கள் யாரும் படிக்கவும் பகிரவும் கூடிய உரிமத்தில் வந்தன. அவை பொதி கட்டிய வேலை அல்ல, நிரலும் அல்ல. பழைய வரையறைப்படி அவரும் உதவியாளர்தான். ஆனால் ஆங்கிலக் கையேட்டைப் பார்த்ததும் மூடிவைக்கிற ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு, கட்டற்ற மென்பொருளின் வாசலே அந்தப் புத்தகங்கள்தான்.

அடையாளம் என்ற சொல்லைக் கேட்டால் நம் திட்டங்கள் உடனே சின்னம், பெயர், நிறம், தேசம் என்று போய்விடுகின்றன. என் கேள்விகள் சாதாரணமானவை. பாஸ் லினக்சின் அடுத்த பதிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்கிற மேசையில், அதைப் பயன்படுத்தும் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை உண்டா? தமிழ் முகப்பில் உள்ள பிழையை ஒரு மாணவி எங்கே சொல்வாள், சொன்னால் பதில் வருமா, அவள் பெயர் பதிவாகுமா? மொழிபெயர்ப்பும் பயிற்சியும் வேலையாக எண்ணப்பட்டு, அதற்குக் கூலி உண்டா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் பெயர் பாஸ் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். பதில் இல்லையென்றால் அவ்வையார் என்றே பெயர் வைத்தாலும் அது பரமதத்தன் வைத்த பெயர்தான்.

பரமதத்தன் காலில் விழுந்தபோது புனிதவதி அந்தப் பெயரோடு நிற்கவில்லை. இவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று உதறினாள். தலையால் நடந்து மலையேறினாள். தன் பாட்டின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்று எழுதிக்கொண்டாள். புனிதவதி என்பது பெற்றவர்கள் இட்டது, அம்மையே என்பது இறைவன் அழைத்தது. பேய் என்பது அவளே வைத்துக்கொண்டது, அதிலும் தன் ஊரைச் சேர்த்து. டெபியனிலோ பாசிலோ ஒரு காரைக்கால் பெண் தன் பெயரைத் தானே எழுதி ஒரு திருத்தத்தை மேலே அனுப்புகிற நாள், அந்தத் திட்டங்களுக்கும் தாங்கள் யார் என்று ஒரு பதில் கிடைக்கும்.